பூங்காவுக்கு எந்த நீர்?

செஞ்சிக் கோட்டையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒருமுறை சென்று வாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் வளைத்து நிற்கும் மதிலைப் பார்த்ததும், இதை எப்படிக் கட்டினார்கள் என்ற வியப்புத் தோன்றும். ராஜகிரியின் படிகளில் ஏறத் தொடங்கிய கால் மணி நேரத்தில் தொண்டை வறண்டுவிடும். அப்போது வேறொரு கேள்வி எழும். எங்கு பார்த்தாலும் கருங்கல்லாக இருக்கும் இந்த இடத்தில், இத்தனை மக்களும் குதிரைகளும் யானைகளும் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

கேட்க வேண்டிய கேள்விதான். மராத்திய மன்னர் ராஜாராமைப் பிடிக்க வந்த ஔரங்கசீப்பின் படை 1690ஆம் ஆண்டு முதல் 1698ஆம் ஆண்டு வரை இக்கோட்டையை முற்றுகையிட்டது. எவ்வளவு உயர்ந்த மதிலாக இருந்தாலும், உள்ளே தண்ணீர் இல்லையென்றால் ஒரு கோட்டை அத்தனை காலம் தாக்குப்பிடிக்க முடியாது.

கோட்டைக்குள் சுற்றி வந்தால் இதற்கான விடை கிடைக்கும். மலை மேல் சுனைகள் உண்டு. பாறைச் சரிவில் வழியும் மழை நீரைத் தேக்கும் தொட்டிகள் உண்டு. அடிவாரத்தில் செட்டிகுளம், சக்கரகுளம் ஆகிய குளங்கள் உண்டு. கல்யாண மகாலுக்கு அருகே ஆனைக்குளம் உண்டு. கல்யாண மகாலின் மேல் தளங்களுக்குச் சுடுமண் குழாய்களின் வழியே நீர் கொண்டு செல்லப்பட்டதற்கும் அடையாளங்கள் உள்ளன.

இவற்றில் ‘ஆனைக்குளம்’ என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க ஒரு நீர், குளிக்க ஒரு நீர், யானைக்கு ஒரு நீர் என்று பிரித்து வைக்கும் பழக்கம் அப்பெயரில் அடங்கியிருக்கிறது. எல்லா வேலைக்கும் ஒரே நீரைச் செலவிடுவது செல்வர்களுக்குக்கூட இயலாத காலம் அது. இன்றைய நகரங்கள் அந்தப் பாடத்தை மறந்தது எப்படி, மறுபடி கற்றுக்கொண்டது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கிணற்றடி வாழை

அரண்மனையை விட்டுச் செஞ்சிக்கு அருகிலுள்ள அனந்தபுரம் போன்ற ஓர் ஊரின் பழைய வீட்டுக்கு வருவோம். கொல்லையில் கிணறு. கிணற்றுக்குப் பக்கத்தில் துவைக்கும் கல். அந்தக் கல்லிலிருந்து வழியும் நீர் எங்கே போகிறது? வாய்க்கால் வெட்டி வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சியிருப்பார்கள். பாத்திரம் துலக்கும் இடத்திலிருந்து வரும் நீர் கல்வாழைப் புதருக்குள் போய்விடும். அரிசி களைந்த நீர் மாட்டுத் தொட்டிக்குப் போகும். கோயில்களில் திருமஞ்சன நீர் நந்தவனத்துக்குப் பாய்வதும் உண்டு.

இதற்கு யாரும் ‘நீர் மறுபயன்பாடு’ என்று பெயர் சூட்டவில்லை. வாளியைக் கையால் இழுத்தவர்களுக்கு ஒவ்வொரு வாளியின் கனமும் தெரியும். ஆகவே ஒரு வாளி நீரை இருமுறை பயன்படுத்தினார்கள். செடிக்குக் குடிநீர் வேண்டியதில்லை என்பது பாட்டிமார் அறிந்த உண்மை.

மின்சாரப் பம்பும் ஆழ்துளைக் கிணறும் வந்தபின் அந்தக் கனம் நமக்குத் தெரியாமல் போயிற்று. பொத்தானை அழுத்தினால் நீர் வருகிறது. ஆனால் செஞ்சிப் பகுதியில் மண்ணுக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. ஆற்று மணலைப் போல அது நிறைய நீரைத் தேக்கி வைக்காது. மேற்பகுதியில் சிதைந்து உதிர்ந்த பாறை அடுக்கிலும், அதன் கீழேயுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். மழைக்காலத்தில் அவை நிரம்ப வேண்டும். ஆண்டு முழுவதும் அதைக் கொண்டு நாம் காலந்தள்ள வேண்டும். ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வெடிப்புகள் குறைந்துகொண்டே போகும். ஐந்நூறு அடி துளைத்தும் தூசிதான் வந்தது என்று கைவிடப்பட்ட கிணறுகளுக்குக் காரணம் இதுவே.

ஒரு ஏக்கர் புல்வெளியின் தாகம்

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது ஒரு லிட்டர். நம் வெயிலில் புல்வெளி ஒரு நாளில் சுமார் 5 மில்லிமீட்டர் நீரை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஆகவே ஒரு ஏக்கர் புல்வெளிக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஏறத்தாழ 20,000 லிட்டர்.

பாதாளச் சாக்கடை இல்லாத சிற்றூர்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 70 லிட்டர் என்பது நம் நாட்டில் குடிநீர்த் திட்டங்களுக்குக் கொள்ளும் அளவு. அப்படியானால் ஒரு ஏக்கர் புல்வெளி குடிப்பது ஏறத்தாழ 285 பேருக்கான நீர்! பூங்கா வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. வெயிலில் வாடும் ஊருக்கு நிழலும் பசுமையும் வேண்டும். குழந்தைகள் ஓடியாட இடம் வேண்டும். அந்தப் பசுமைக்கு நிலத்தடி நீரை இறைக்கத்தான் வேண்டுமா என்பதே கேள்வி.

இக்கேள்வியை நூறாண்டுகளுக்கு முன்பே சந்தித்த ஒரு நகரம் உண்டு. அது அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் உள்ள சான் பிரான்சிஸ்கோ.

மணல்மேட்டில் ஒரு சோலை

1870ஆம் ஆண்டையொட்டி அந்நகரத்தார் கடலோர மணல்மேடுகளில் ஒரு பெரும் பூங்கா அமைக்கத் தொடங்கினர். ‘கோல்டன் கேட் பூங்கா’ என்று பெயர். பரப்பு ஆயிரம் ஏக்கருக்கும் அதிகம். மணலில் மரம் வளர்ப்பதென்றால் எவ்வளவு நீர் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நகருக்கு நீர் விற்ற தனியார் நிறுவனமோ அதிக விலை கேட்டது.

பூங்காவுக்கு அடியிலேயே நிலத்தடி நீர் இருந்தது. அதை இறைக்க 1903ஆம் ஆண்டில் ஒரு பெரிய காற்றாலையும், சில ஆண்டுகளில் இன்னொன்றும் கட்டப்பட்டன. கடற்காற்று சுழற்ற, கிணற்று நீர் மேலேறிப் பூங்காவுக்குப் பாய்ந்தது. பின்னர் காற்றாலையின் வேலையை மின்சாரப் பம்புகள் ஏற்றன.

நிலத்தடி நீரும் போதாதபோது, 1912ஆம் ஆண்டில் நகரின் சாக்கடை நீரைப் பூங்காவுக்குத் திருப்பினார்கள். மரங்கள் செழித்தன. சாக்கடை நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டல்லவா? ஆனால் மக்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நோய்க் கிருமிகள் பற்றிய அறிவு பரவியிருந்த காலமாதலால் அச்சமும் எழுந்தது. 1918ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலம் கழிவு நீர்ப் பாசனத்துக்கு விதிகளை வகுத்தது.

பூங்கா நிர்வாகத்தார் நீரை நிறுத்தவில்லை. தூய்மை செய்ய முற்பட்டார்கள். 1932ஆம் ஆண்டில் பூங்காவுக்குள்ளேயே ஒரு சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. அது 1978ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், பூங்காவுக்கு நீர் தந்தது. விதிகள் கடுமையானபோது பழைய நிலையத்தால் அந்தத் தரத்தை எட்ட முடியவில்லை, மூடப்பட்டது. பூங்கா மறுபடி கிணற்று நீருக்குத் திரும்பியது.

கதை அத்துடன் முடியவில்லை. வறட்சிகள் வந்தன. பூங்காவுக்கு இறைக்கப்பட்டு வந்த அதே நிலத்தடி நீரைக் குடிநீராகவும் பயன்படுத்த வேண்டிய நிலை 2017ஆம் ஆண்டில் வந்தது. குடிப்பதற்கு உரிய நீரைப் புல்லுக்கு ஊற்றுவதா? 2020களில் புதிய சுத்திகரிப்பு நிலையம் கட்டி, பூங்காவை மீண்டும் மறுபயன்பாட்டு நீருக்கு மாற்றினார்கள். நூறாண்டுகள் சுற்றி வந்து, தொடங்கிய இடத்துக்கே அந்நகரம் வந்து சேர்ந்தது. ஆனால் இம்முறை நாற்றம் இல்லை; அச்சமும் குறைவு. இடையில் நிகழ்ந்தது என்ன?

நுண்ணுயிர்களின் உழைப்பு

நிகழ்ந்தது அறிவியலின் வளர்ச்சி. கழிவு நீரைத் தூய்மை செய்வதில் மூன்று கட்டங்கள் உள்ளன.

முதற்கட்டத்தில் நீரைத் தொட்டிகளில் அமைதியாக நிற்க விடுகிறார்கள். மணலும் கனமான அழுக்கும் அடியில் படிகின்றன. எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கின்றன.

இரண்டாம் கட்டம் உயிருள்ளது. நீரில் கரைந்திருக்கும் அழுக்கைக் கையால் எடுக்க முடியாது; வடிகட்டவும் முடியாது. அதைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்கள் வேண்டும். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டென், லாக்கெட் என்னும் இருவர், கழிவு நீருக்குள் காற்றைச் செலுத்தி, படியும் சேற்றைக் கொட்டிவிடாமல் மறுபடி மறுபடி பயன்படுத்திப் பார்த்தார்கள். அந்தச் சேறு முழுவதும் பசித்த நுண்ணுயிர்க் கூட்டம்! பல நாள் எடுத்த வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. 1914ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட இம்முறைதான் இன்றும் உலகெங்கும் பெரும்பாலான நிலையங்களின் அடிப்படை.

மூன்றாம் கட்டத்தில் எஞ்சிய மாசு மணலிலோ மெல்லிய சவ்விலோ வடிகட்டப்படுகிறது. பின்னர் குளோரின் அல்லது புற ஊதாக் கதிர் கொண்டு கிருமிகள் அழிக்கப்படுகின்றன. சவ்வின் துளைகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. பாக்டீரியாக்கள் அதில் நுழைய இயலாது. வைரஸ்கள் அதைவிடச் சிறியவை. ஆகவே சவ்வு இருந்தாலும் கிருமி நீக்கம் தேவை.

தூய்மையை அளக்கவும் ஒரு வழி உண்டு. நீரிலுள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்று பார்க்கிறார்கள். வீட்டுச் சாக்கடை நீரில் இது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். பூங்காவுக்குப் போகும் நீரில் 10 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது.

நம் நாட்டில்

இந்தியாவில் இம்முயற்சி எங்கே நடந்தது என்று கேட்பீர்கள். சண்டிகர் நகரில் 1990களிலிருந்து மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்த நீர் தனிக் குழாய்களில் பூங்காக்களுக்கும் பெரிய வீடுகளின் தோட்டங்களுக்கும் செல்கிறது. அங்கும் நீரில் நாற்றம் வீசுவதாக வீட்டுக்காரர்கள் முறையிட்டது உண்டு. குழாய் போடுவதால் மட்டும் வேலை முடிவதில்லை. நாள்தோறும் தரம் காக்க வேண்டும் என்பதை அது காட்டிற்று.

பெங்களூரின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அந்நகருக்குக் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. அதன் முதற்கட்டம் 1974ஆம் ஆண்டில் நிறைவேறியது. இத்தனை மின்சாரம் செலவிட்டுக் கொண்டுவந்த நீரைப் புல்லுக்கு விடலாமா? ஐதர் அலி 1760ஆம் ஆண்டில் தொடங்கிய லால்பாக் தோட்டத்திலும், 1870ஆம் ஆண்டில் அமைந்த கப்பன் பூங்காவிலும், 2000களில் சிறு சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றின் கொள்ளளவும் நாளொன்றுக்கு 15 லட்சம் லிட்டர். நாம் மேலே போட்ட கணக்கின்படி, 15 லட்சம் லிட்டர் கொண்டு 75 ஏக்கர் புல்வெளியை நனைக்கலாம். கப்பன் பூங்காவில் சவ்வு முறை பயன்படுகிறது.

அருகில் ஓடும் சாக்கடையிலிருந்தே நீரை எடுத்து, பூங்காவிலேயே தூய்மை செய்து, அங்கேயே பாய்ச்சுவது இதிலுள்ள சிறப்பு. நீண்ட குழாய்கள் வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு சில பூங்காக்களைக் கொண்டு ஒரு பெருநகரின் தாகம் தீர்ந்துவிடாது. 2024ஆம் ஆண்டு கோடையில் பெங்களூரின் ஏறத்தாழ 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக அம்மாநில அரசே தெரிவித்தது. தோட்டத்துக்கும் வண்டி கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று மார்ச் மாதத்தில் அறிவிப்பு வந்தது. முன்கூட்டியே செய்யாததைப் பின்னர் அபராதம் போட்டுச் செய்ய வேண்டியதாயிற்று.

சென்னையின் அனுபவமும் இதைப் போன்றதே. நகருக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால், நன்னீர் இருந்த இடத்தில் கடல் நீர் புகுந்தது. நிலத்தடி நீரை இறைப்பதைக் கட்டுப்படுத்த 1987ஆம் ஆண்டில் சென்னைப் பெருநகருக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மணலியிலுள்ள பெரிய ஆலைகள் 1990களிலேயே நகரின் கழிவு நீரை வாங்கித் தூய்மை செய்து பயன்படுத்தத் தொடங்கின. ஏரிகள் வறண்டு நகரமே தவித்த 2019ஆம் ஆண்டில், கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 450 லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள மூன்றாம் கட்ட நிலையங்கள் தொடங்கப்பட்டன. அந்நீர் ஆலைகளுக்குச் செல்கிறது. ஆலைக்கு விட்ட ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு லிட்டர் நன்னீர் மிஞ்சுகிறது. பூங்காவுக்கும் இதே கணக்குத்தான்.

அச்சம் நியாயமானதே

கழிவு நீர் என்றதும் மனம் கூசுவது இயற்கை. அந்தக் கூச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. சரியாகச் சுத்திகரிக்காத நீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் இருக்கக்கூடும். புல்வெளியில் குழந்தைகள் உருளுகிறார்கள். தோட்டத் தொழிலாளர் வெறுங்காலுடன் நின்று நீர் பாய்ச்சுகிறார்கள். முதலில் நோய்வாய்ப்படக் கூடியவர்கள் அவர்களே.

இதை உணர்ந்துதான் உலக நலவாழ்வு நிறுவனம் 1989ஆம் ஆண்டில் அளவுகளை வகுத்தது. பூங்காவுக்கு விடும் நீரில் லிட்டருக்கு ஒரு குடற்புழு முட்டைக்கு மேல் இருக்கலாகாது. மக்கள் நேரடியாகத் தொட்டுப் பழகும் புல்வெளியென்றால், 100 மில்லிலிட்டரில் மலக் கிருமிகளின் எண்ணிக்கை 200ஐத் தாண்டலாகாது. சில நாடுகளில் இந்நீர் செல்லும் குழாய்களுக்கு ஊதா நிறம் பூசுகிறார்கள். யாரும் தவறிக் குடித்துவிடாமலிருக்க இது எளிய வழி. ஆளில்லாத இரவு நேரத்தில் பாய்ச்சுவதும், மேலே தெளிக்காமல் வேரில் சொட்டுச் சொட்டாக விடுவதும் நல்லது.

மண்ணையும் கவனிக்க வேண்டும். சோப்புத் தூளிலுள்ள உப்புகள் நாளடைவில் மண்ணை இறுக்கிவிடும். தேவைக்கு மேல் பாய்ச்சினால் நைட்ரேட் உப்புகள் கீழிறங்கி, நாம் காப்பாற்ற நினைத்த நிலத்தடி நீரையே கெடுத்துவிடும். 2018ஆம் ஆண்டு முதல் பெங்களூரின் கழிவு நீரை இரண்டாம் கட்டம் வரை சுத்திகரித்து, கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளில் நிரப்பி வருகிறார்கள். மூன்றாம் கட்டமின்றி நிலத்தடி நீர் நிரப்பலாமா என்ற எதிர்ப்பு எழுந்து, அது நீதிமன்றம் வரை சென்றது. ஏரிகள் நிரம்பியதும் உண்மை; கேட்கப்பட்ட கேள்வியில் நியாயம் இருப்பதும் உண்மை.

மீண்டும் செஞ்சிக்கு

செஞ்சிக் கோட்டை 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மராத்தியரின் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக, யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றது. பார்வையாளர் பெருகினால் அவர்களுக்கு நிழலும் புல்வெளியும் வேண்டும். விடுதிகள் தோன்றும். ஒவ்வொன்றும் ஓர் ஆழ்துளைக் கிணறு தோண்டினால், அடியிலிருப்பதோ கருங்கல். அதே நிலத்தடி நீரை நம்பித்தான் சுற்றிலும் உழவர்கள் நிலக்கடலையும் நெல்லும் பயிரிடுகிறார்கள்.

மறுபக்கத்தையும் பாருங்கள். பத்தாயிரம் பேர் வாழும் ஒரு பேரூரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 70 லிட்டர் என்றால் ஊருக்கு 7 லட்சம் லிட்டர். இதில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிவு நீராக வெளியேறும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. ஆக நாள்தோறும் 5,60,000 லிட்டர். இதில் பாதியைத் தூய்மை செய்தாலும் 14 ஏக்கர் பசுமைக்குப் போதும்! இன்று பல ஊர்களில் அந்நீர் தெருவோரம் தேங்கிக் கொசுவை வளர்க்கிறது. அல்லது ஏரியில் கலந்து ஏரியைக் கெடுக்கிறது.

சிற்றூருக்குப் பெங்களூரின் சவ்வு நிலையம் வேண்டும் என்பதில்லை. நீரைத் தொட்டியில் படிய வைத்து, சரளைக்கல்லும் மணலும் நிரப்பிய பாத்தியில் கல்வாழையும் நாணலும் வளர்த்து, அதன் வேர்களினூடே மெல்லச் செலுத்தினால், வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். இறுதியில் கிருமி நீக்கமும், மாதந்தோறும் ஆய்வும் மட்டும் தவறக் கூடாது. பாட்டி வீட்டுக் கல்வாழைப் புதரைத்தான் அறிவியல் அளந்து, ஒழுங்குபடுத்தித் தருகிறது.

மாணவர்களே, உங்களுக்கு இரண்டு வேலைகள். முதலாவது, உங்கள் வீட்டில் ஒரு நாளில் குளிக்கவும் துவைக்கவும் எத்தனை வாளி நீர் செலவாகிறது, அது எங்கே போகிறது என்று எழுதி வையுங்கள். இரண்டாவது, உங்கள் ஊரில் திறந்த கிணறு இருந்தால், பெரியவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கல் கட்டிய கயிற்றை இறக்கி, நீர் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று மாதம் ஒருமுறை அளந்து குறியுங்கள். ஓர் ஆண்டு கழித்து இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊரில் பூங்கா அமைக்கும் பேச்சு வரும்போது, எந்த நீர் என்று முதலில் கேட்பவர் நீங்களாக இருப்பீர்கள்.